ரங்கூனின் பழைய தெருக்களையும் பழம்பொருள் கடைகளையும் பூங்காக்களையும் ஊர்க்காரர்களோடு சுற்றிப் பார்ப்பது எப்படி?

சென்னையிலிருந்து சில நாள் ரங்கூன் (இன்றைய பெயர் யாங்கோன்) வருவதாகவும், பகோடாக்கள் எனும் புத்தர் கோயில்களோடு நின்றுவிடாமல் பழைய தெருக்கள், பழம்பொருள் கடைகள், பூங்காக்கள் எல்லாவற்றையும் உள்ளூர்க்காரர்கள் துணையோடு பார்க்க ஆசை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இது நான் பிறந்து வளர்ந்த ஊர். கடைக்குள் நுழையும் முன் டீக்கடையில் உட்காருங்கள் என்பதுதான் என் பதில். இங்கே விற்பனைக்கு வரும் பழைய பொருள்களில் பலவற்றுக்குப் பின்னால் ஊரை விட்டுப் போன ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தக் கதை தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் பொருள் உங்களுக்குப் புரியும்.

காலையில் அனோரதா சாலையில் உள்ள காளி கோயிலில் தொடங்குங்கள். 1871இல் நம்மவர்கள் கட்டியது. அங்கே பூசைக்கு வருபவர்களிடம் தமிழிலேயே பேசலாம். பக்கத்து 26ஆம் தெருவில் 1890களில் எழுந்த யூதர்களின் ஜெபாலயம் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் மொகல் தெரு. பலகையில் ஷ்வே போந்தா தெரு என்று இருக்கும், எங்கள் பெரியவர்கள் வாயில் இன்றும் மொகல் தெருதான். நகரத்தார் கிட்டங்கி (வட்டிக்கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய தெரு அது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1942இல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பல்லாயிரம் பேர் காடும் மலையும் நடந்தே தாண்டினார்கள். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது மறுபடியும் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். நகையையும் பணத்தையும் கொண்டுபோக விடவில்லை. பித்தளைப் பாத்திரம், மர அலமாரி, சுவர்க் கடிகாரம், கணக்குப் புத்தகம், கல்யாணப் படம் என்று தூக்க முடியாதவை எல்லாம் இங்கேயே தங்கிவிட்டன.

இந்த எண் போட்ட தெருக்களில் அவசரமில்லாமல் நடங்கள். நாலாவது ஐந்தாவது மாடிகளிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரர் கிளிப்பில் செய்தித்தாளை மாட்டிவிட்டுக் கயிற்றை இழுப்பார், மேலே மணி அடிக்கும். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் மூத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று பார்த்தால் புரியும்.

டீக்கடையில் குட்டை ஸ்டூல்தான். மேசையில் இருக்கும் பால் சேர்க்காத டீக்குக் காசு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். பால் டீயை இனிப்பாகவா, ஸ்ட்ராங்காகவா என்று சொல்லி வாங்க வேண்டும். வாழைத்தண்டு போட்ட மீன் குழம்பில் அரிசிச் சேமியா சேர்த்த மொஹிங்காவைக் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள், அதற்கு அதுதான் நேரம். உங்கள் ஊர் பீச் ஸ்டேஷன் எதிரில் விற்கும் அத்தோ இங்கிருந்து திரும்பியவர்கள் கொண்டுபோனது என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்து மேசைக்காரரும் பேச்சில் சேர்ந்துகொள்வார். முஸ்லிம் பெரியவரானால் பாய் என்று கூப்பிடுங்கள், பர்மியப் பெரியவரானால் பெயருக்கு முன் ஊ சேர்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுக்கும்போது இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி கொடுங்கள். இந்த மரியாதையை எல்லாரும் கவனிப்பார்கள்.

பழைய புத்தகத்துக்கு 37ஆம் தெருவும் பான்சொடான் தெருவும். 1962க்குப் பிறகு நாடு கதவைச் சாத்திக்கொண்ட காலத்தில் வெளியிலிருந்து புத்தகம் வருவதே அரிது. அதனால் கிடைத்த ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துவது, நகலெடுத்து விற்பது, வாடகைக்கு விடுவது எல்லாம் இங்கே பெரிய கலையாகவே வளர்ந்தது. போஜோ மார்க்கெட் 1926இல் கட்டியது, ஸ்காட் மார்க்கெட் என்பது பழைய பெயர். திங்கட்கிழமை விடுமுறை. முன்பக்க நகைக்கடைகளில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பழைய நாணயம், தபால்தலை, ஜப்பானியர் அச்சடித்த ரூபாய் நோட்டு எல்லாம் சின்னச் சின்னக் கடைகளில்தான் இருக்கும். ஸ்டூடியோப் படங்கள் கண்ணில் பட்டால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் தமிழில் பெயர் எழுதியிருக்கும். பட்டுப்பாவாடை கட்டிய அந்தக் குழந்தை யார் வீட்டுப் பிள்ளையோ என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனது கலங்கும். ஒரு எச்சரிக்கை: நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போகச் சட்டம் அனுமதிப்பதில்லை. கடைக்காரர் பரவாயில்லை என்றாலும் வாங்காதீர்கள்.

இத்தனை பழைய கட்டடங்கள் பிழைத்ததற்கு ஒரு காரணம், இடித்துக் கட்டப் பணமில்லாமல் போனதுதான். 2005இல் தலைநகரம் நேபிடாவுக்குப் போனதும் அரசு மாளிகைகள் பல காலியாயின. 2011க்குப் பிறகு நாடு மறுபடி கதவைத் திறந்ததும் பணம் வந்தது, கூடவே இடிப்பும் வந்தது. வரலாற்றாசிரியர் தான்ட் மியின்ட் ஊ 2012இல் தொடங்கிய பாரம்பரிய அறக்கட்டளை முக்கியமான கட்டடங்களில் நீலப் பலகை பதித்திருக்கிறது. அவற்றை நின்று படியுங்கள்.

வெயில் ஏறினால் மகா பந்துலா பூங்கா. ஒரு பக்கம் சூலே பகோடா, இன்னொரு பக்கம் செங்கல் நிற உயர்நீதிமன்றம். முன்பு விக்டோரியா ராணி சிலை நின்ற இடத்தில் இப்போது சுதந்திரத் தூண். சாயங்காலம் கண்டோஜி ஏரிக்குப் போங்கள். தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீரில் ஷ்வேடகன் பகோடா தெரியும். இன்யா ஏரி 1880களில் வெள்ளைக்காரன் குடிநீருக்காக உண்டாக்கியது. அதன் கரையில் இளைஞர் கூட்டம் அதிகம். எனக்குக் கண்டோஜிதான் பிடிக்கும், அங்கே பாட்டி முதல் பேரன் வரை எல்லா வயதினரும் இருப்பார்கள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021க்குப் பிறகு இங்கே நிலைமை எளிதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயணத்துக்கு முன் உங்கள் நாட்டுத் தூதரகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இருட்டுமுன் தங்கும் இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். ராணுவத்தினர், போலீஸ், அரசு அலுவலகங்களைப் படம் எடுக்க வேண்டாம். டீக்கடையில் அரசியல் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள், பதில் சொன்னவர் இங்கேதான் இருக்க வேண்டும்.

கிளம்புமுன் வியாசர்பாடிப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம் யாராவது தெரிந்தால், அவர்கள் இருந்த தெரு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். பெரிய சாலைகளின் பெயர்கள் மாறிவிட்டன, எண் தெருக்கள் அப்படியே இருக்கின்றன. அந்தத் தெருவின் டீக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க நல்ல காலம். மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழை விடாது.