பர்வீனா, பிரவீணாவா?

கேள்வி: என் பேத்திக்குப் பர்வீன் என்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கன்வாடியில் 'பிரவீணா' என்று எழுதிவிட்டு, இரண்டும் ஒன்றுதானே என்கிறார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அது குர்ஆனில் வரும் பெயர் என்கிறார். எது சரி?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: இரண்டுமே சரியில்லை அம்மா. பிரவீணா வடமொழி, கைதேர்ந்தவள் என்று அர்த்தம். பர்வீன் பாரசீகப் பெயர், குர்ஆனில் இல்லை. அதன் பழைய வடிவம் ஈரானின் பழைய மதத்தவரான ஜரதுஷ்டிரர்களின் புனித நூல் அவெஸ்தாவிலேயே இருக்கிறது. அதாவது, ஈரானுக்கு இஸ்லாம் போவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே.

பொருள் என்ன என்கிறீர்களா? நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்தான்! சங்கப் பாடல்களில் அறுமீன் என்று வருவதும் இதுவே. கார்த்திகை மாதத்தில் இருட்டியதும் கிழக்கே பாருங்கள். செக்கச்சிவந்த ரோகிணிக்குக் கொஞ்சம் மேலே சின்னதாக ஒரு கொத்து தெரியும். வெறும் கண்ணுக்கு ஆறு, பார்வை கூர்மையென்றால் ஏழு. இதே கூட்டத்துக்கு அரபுப் பெயர் துரய்யா. அதுதான் நம் பக்கம் சுரையா. அடுத்த பேத்திக்கு அந்தப் பெயரை வைத்தால், அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே பெயர் வைத்த மாதிரி ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முகலாயர் அரசவையிலும் ஆற்காடு நவாபு தர்பாரிலும் பாரசீகம்தான் கோலோச்சியது. இப்படிப்பட்ட பெயர்கள் இங்கே புழங்குவதில் வியப்பில்லை. அசாமில் பிறந்த இந்துஸ்தானிப் பாடகியும் பர்வீன் சுல்தானா, நம்மூர் மேடைப் பேச்சாளரும் பர்வீன் சுல்தானா.

எனக்குப் பிடித்த பர்வீன் ஈரானியக் கவிஞர் பர்வீன் எதெசாமி. 1907இல் தப்ரீஸில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ரக்ஷந்தே, அதாவது ஒளிர்பவள். டைபாய்டு காய்ச்சலில் 1941இல் இறந்தபோது வயது 34தான். தன் கல்லறைக்கான கவிதையைத் தானே எழுதி வைத்திருந்தார்: கருமண்ணைத் தலையணையாக்கிக் கிடக்கும் இவள் இலக்கிய வானத்து நட்சத்திரமான பர்வீன், என்ற பொருளில். பெயரின் அர்த்தத்தை இவரைப் போல ஜோராகப் பயன்படுத்தியவர் வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

அப்புறம், அங்கன்வாடிப் பதிவேட்டைத் திருத்தச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லா இடத்திலும் இருக்கட்டும். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் என்று பின்னால் அலைய வேண்டாம். 'ஃபர்வீன்' என்று ஆய்தம் போடவும் விடாதீர்கள். பாரசீகத்திலும் அது வெறும் 'ப'தான்.