ஜப்பானில் நூற்றுக்கு மூன்று பேர்தான். அப்பாவுக்கு வயிற்று டயாலிசிஸ் வேண்டாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. ரத்த டயாலிசிஸா, வயிற்றுக்குள் குழாய் வழியாகத் திரவம் விட்டுக் கழிவோடு வெளியேற்றும், வீட்டிலேயே செய்யும் வயிற்று டயாலிசிஸா என்று எங்களையே முடிவு செய்யச் சொல்கிறார் டாக்டர். ஜப்பானின் தேசியக் கணக்கெடுப்பில் வயிற்று டயாலிசிஸ் செய்பவர்கள் சுமார் 3 சதவீதம்தான். ஹாங்காங்கிலோ அதுதான் அதிகமாம். எதை நம்புவது?

பதில்: இரண்டுமே உண்மைதான். ஆனால், எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதை வைத்து அந்தச் சிகிச்சை நல்லதா என்று சொல்ல முடியாது.

ஜப்பானில் டயாலிசிஸ் மருத்துவச் சங்கம் ஆண்டுதோறும் எல்லா மையங்களிடமும் கணக்குக் கேட்கிறது. கிட்டத்தட்ட எல்லோரும் பதில் தருகிறார்கள். சுமார் மூன்றரை லட்சம் நோயாளிகளில் வயிற்று டயாலிசிஸ் செய்பவர்கள் பத்தாயிரம் சொச்சம். அங்கே ரத்த டயாலிசிஸ் மையங்களுக்குப் பஞ்சமில்லை, செலவையும் காப்பீடு பார்த்துக்கொள்கிறது. ஹாங்காங் அரசு மருத்துவமனைகளில் 1985 முதல் 'முதலில் வயிற்று டயாலிசிஸ்' என்பதே கொள்கை. தாய்லாந்தும் 2008இல் அதே வழிக்குப் போனது. 2022இல் நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்றதும் ரத்த டயாலிசிஸுக்குக் கூட்டம் கூடியது. சிகிச்சை அதேதான், மாறியது விதி மட்டும்.

அந்த ஜப்பான் கணக்கிலேயே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் கூடவே ரத்த டயாலிசிஸும் செய்துகொள்கிறார், பெரும்பாலும் வாரம் ஒருமுறை. ஆக, இதை விட்டால் அது என்று நினைக்க வேண்டியதில்லை. பின்னால் மாறிக்கொள்ளவும் முடியும்.

சரி, எந்த எண்ணைக் கேட்பது? உங்கள் மருத்துவமனையின் வயிற்று உறைத் தொற்று (வயிற்றின் உட்புறச் சவ்வில் வரும் தொற்று) விகிதத்தை. 100 நோயாளிகளை ஓராண்டு கவனித்தால் 40 தொற்றுகளுக்கு மேல் வரக்கூடாது என்பது 2022இன் சர்வதேச வழிகாட்டுதல். எண்ணே கையில் இல்லை என்று ஒரு மையம் சொன்னால், எனக்கு அதுவே ஒரு பதில்.

வீட்டில் வேலை இதுதான்: வழக்கமாக ஒரு நாளைக்கு நான்கு முறை, தடவைக்கு இரண்டு லிட்டர் திரவம்; பழையதை வெளியேற்றிப் புதியதை விட அரை மணி நேரம். கதவை மூடி, மின்விசிறியை நிறுத்தி, மாஸ்க் போட்டு, கையைச் சோப்பால் நன்றாகக் கழுவிய பிறகே குழாயைத் தொட வேண்டும். வெளியே வந்த நீர்ப் பையை நாளிதழ் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது. கலங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும், பையைக் கொட்டாமல் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்பாவின் விஷயத்தில் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். சர்க்கரையால் பார்வை மங்கியிருந்தால் குழாயை இணைக்க வீட்டில் ஒருவர் பழக வேண்டும். திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் இன்சுலின் அளவும் மாறலாம். முன்பு பெரிய வயிற்று அறுவைச் சிகிச்சையோ குடலிறக்கமோ இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அப்புறம், இரவில் பை கலங்கினால் யாரை அழைப்பது என்ற எண்ணை, குழாய் பொருத்தும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.