கொத்துத் தலைவலி: பக்கம் மாறினால், பருவம் மாறினால்?

சில வாரங்கள் அடிக்கடி வந்து, பிறகு மாதக்கணக்கில் விட்டுவிடும் கடுமையான ஒரு பக்கத் தலைவலிதான் கொத்துத் தலைவலி (கிளஸ்டர் தலைவலி). வலி அடுத்தடுத்து வரும் அந்த வாரங்களைக் ‘கொத்து’ என்கிறோம். இதுபற்றி வந்த கடிதங்களில் பல ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: “முன்பு இப்படி இல்லையே, இப்போது ஏன் மாறிவிட்டது?” அவற்றில் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில்.

எனக்கு வயது 43. ஒன்பது வருடமாகக் கார்த்திகை பிறந்தால் வலது கண்ணுக்குப் பின்னால் வலி தொடங்கிவிடும். ஒன்றரை மாதம் தினமும் நடு இரவில் எழுப்பும், பிறகு தானாகப் போய்விடும். இந்த முறை வைகாசியிலேயே வந்துவிட்டது. அதுவும் இடது பக்கம், பகலிலும் வருகிறது. இது அதே நோய்தானா?
— வாசகர், ஈரோடு

பெரும்பாலும் அதே நோய்தான். ஆனாலும் ஒரு முறை பரிசோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்த நோயில் எது மாறலாம், எது மாறக்கூடாது என்று பிரித்துப் பாருங்கள். மருந்து எடுக்காவிட்டால் ஒரு வலி 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் வலிக்கும். அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் கொட்டும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை வீங்கும் அல்லது தொங்கும். படுக்க முடியாமல் எழுந்து நடக்க வைக்கும். ஒற்றைத் தலைவலிக்காரர் (மைக்ரேன்) அசையாமல் இருட்டறையில் படுப்பார். கொத்துத் தலைவலிக்காரர் அறைக்குள் உலாத்துவார். இந்த அடையாளங்கள் அப்படியே இருந்தால் நோயும் அதேதான்.

மாறக்கூடியவை நிறைய: வரும் மாதம், வரும் மணி, கொத்து நீடிக்கும் வாரங்கள், இரண்டு நாளுக்கு ஒன்று முதல் ஒரே நாளில் எட்டு வரை வலியின் எண்ணிக்கை. தூக்கம், விழிப்பு, நாள் கணக்கு, பருவக் கணக்கு எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி, வலி வந்திருக்கும் நேரத்தில் கூடுதலாக இயங்குவதை 1998இல் லண்டனில் நடந்த பெட் ஸ்கேன் ஆய்வு காட்டியது. ஒரே மணிக்கு, ஒரே மாதத்தில் வலி வருவதை இது ஓரளவு விளக்குகிறது. ஆனால் அந்தக் கணக்கு ஆயுள் முழுக்க ஒரே மாதிரி ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு வருடம் வராமலே போகலாம், இரண்டு கொத்து வரலாம்.

பக்கம் மாறுவது அவ்வளவு சாதாரணமல்ல. பெரும்பாலானோருக்குக் கடைசி வரை ஒரே பக்கம்தான். மாறுகிறவர்களும் இருக்கிறார்கள், அது மட்டுமே ஆபத்தின் அறிகுறியல்ல. என்றாலும் உங்களுக்குப் பருவம், பக்கம், நேரம் மூன்றும் சேர்ந்து மாறியிருக்கின்றன. நரம்பியல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் தெரியும்படி எம்ஆர்ஐ இதுவரை எடுக்கவில்லை என்றால் இப்போது எடுத்துவிடுங்கள். அந்தச் சுரப்பியில் வரும் கட்டி சிலருக்கு இதே வலியைப் போலவே காட்டும்.

ஒரு வலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். 2 நிமிடம் முதல் 30 நிமிடத்துக்குள் முடிந்து, ஒரு நாளில் ஐந்துக்கு மேல் வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அந்த நோய் இண்டோமெதசின் என்ற மாத்திரைக்கு முழுமையாக அடங்கும். கொத்துத் தலைவலி பொதுவாக அதற்கு அடங்காது. பெயர் தவறினால் வருடக்கணக்கில் தவறான மருந்து ஓடும்.

ஒரு கொத்துக்குள்ளேயே வலி ஏறி இறங்கும். முதல் சில நாள் லேசாக இருக்கும், நடுவில் உச்சத்தைத் தொடும், கடைசி வாரத்தில் இடைவெளி விட்டு அடங்கும். எனவே கடைசி வாரத்தில் எதைத் தொடங்கினாலும் அதுதான் குணப்படுத்தியது போலத் தோன்றும். பல் பிடுங்கியதற்கும் சைனஸ் ஆபரேஷனுக்கும் நாட்டு மருந்துக்கும் கிடைக்கும் நல்ல பெயரில் பாதி இப்படி வந்ததுதான். ஆகவே நினைவை நம்பாதீர்கள். தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்தப் பக்கம், கண்ணிலும் மூக்கிலும் என்ன நடந்தது, என்ன மருந்து எத்தனையாவது நிமிடத்தில் எடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வலி வந்திருக்கும்போது வீட்டில் ஒருவர் முகத்தைச் செல்போனில் வீடியோ எடுத்துவைத்தால் இன்னும் நல்லது. மருத்துவரிடம் போகும் நேரத்தில் கண் சிவப்பு இருக்காது.

என் கணவருக்குப் பத்து மாதமாக வலி நிற்கவே இல்லை. “நாட்பட்ட வகையாக மாறுகிறது” என்கிறார் மருத்துவர். இனி வாழ்க்கை முழுக்க இப்படித்தானா?
— வாசகி, திருச்சி

அப்படி இல்லை. ஒரு வருடமோ அதற்கு மேலோ வலி தொடர்ந்து, நடுவில் மூன்று மாத இடைவெளிகூட விழாவிட்டால் அதை நாட்பட்ட வகை என்கிறோம். சர்வதேச வகைப்பாட்டில் இந்த மூன்று மாதக் கணக்கு 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு மாதம் என்று இருந்தது. நூறு பேரில் பத்து முதல் இருபது பேருக்கு இந்த வகை வருகிறது. அதிலிருந்து இடைவெளி விட்டு வரும் வகைக்குத் திரும்புகிறவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். வயது ஏற ஏற இடைவெளி நீள்வதும் உண்டு.

இப்போது மாற வேண்டியது சிகிச்சை. ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் நீட்டக் கூடாது. வலி வராமல் தடுக்கக் கொடுக்கும் வெரபமில் மாத்திரை போதாவிட்டால் லித்தியம் கொடுப்பதுண்டு; அதற்கு ரத்தத்தில் மருந்தின் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். சிகரெட்டை விட்டால் வலி நின்றுவிடும் என்று உறுதி தர முடியாது. இருந்தாலும் விடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்த வலியின் உச்சத்தில் உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுவது அபூர்வமல்ல. அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னாலும் சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள். தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

போன கொத்தில் வெரபமில் 240 மில்லிகிராமில் வலி நின்றது. இந்த முறை அதே அளவில் அசையவில்லை. நானே கூட்டிக்கொள்ளலாமா?
— வாசகர், மதுரை

கூடாது. முன்பு போதிய அளவு இப்போது போதாமல் போவது இந்த நோயில் வழக்கம்தான். 480, அதற்கு மேலும் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த மருந்து இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போவதைத் தாமதப்படுத்தும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் அந்த மின்துடிப்புப் பாதையில் அடைப்பு உருவாகலாம். எனவே தொடங்கும் முன் ஒரு ஈசிஜி, சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 80 மில்லிகிராம் வீதம் கூட்டும் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஈசிஜி என்பதே பாதுகாப்பான முறை. ஒற்றைத் தலைவலி என்று நினைத்து யாராவது புரோப்ரனலால் கொடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தாகக் குறையலாம். மலச்சிக்கலும் கணுக்கால் வீக்கமும் வரும்.

எப்போது தொடங்கினீர்கள் என்பதையும் பாருங்கள். வெரபமில் பிடிக்க ஒன்று இரண்டு வாரம் ஆகும். கொத்தின் முதல் வலியிலேயே தொடங்கினால் ஒரு பலன், மூன்றாம் வாரத்தில் தொடங்கினால் வேறு பலன். அந்த இடைவெளியைச் சமாளிக்கப் பின்தலை நரம்பில் ஊசி போடலாம், அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கலாம். 2020இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில் ஐந்து நாள் 100 மில்லிகிராம், பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை 20 குறைத்து நிறுத்தினார்கள். முதல் வாரத்தில் வலிகள் குறைந்தன. சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

முன்பு ஆக்சிஜன் பத்து நிமிடத்தில் வலியை நிறுத்தியது. இப்போது வீட்டில் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வாங்கி வைத்தும் பலன் இல்லை. நோய் முற்றிவிட்டதா?
— வாசகர், கோயம்புத்தூர்

கோளாறு நோயில் இல்லை, கருவியில் இருக்கிறது. இந்த வலிக்கு நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் நூறு சதவீத ஆக்சிஜன் வேண்டும். வீட்டுக் கான்சென்ட்ரேட்டர்கள் பலவும் ஐந்து லிட்டர்தான் தரும். மூக்கில் செருகும் குழாயும் பயன்படாது.

சிலிண்டர், 15 லிட்டர் காட்டும் ஃபுளோமீட்டர், கீழே பை தொங்கும் நான்-ரீப்ரீதர் மாஸ்க் மூன்றும் தேவை. வால்வைத் திறந்து முதலில் பையை நிரப்புங்கள். பிறகு மாஸ்க்கை இடைவெளி இல்லாமல் முகத்தோடு அழுத்திக் கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து 15 முதல் 20 நிமிடம் மூச்சு விடுங்கள். பை ஒட்டிப்போனால் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருந்தால் பலன் குறையும். தொடங்கிய உடனே போடுங்கள். 12 லிட்டரில் 15 நிமிடத்துக்கு 180 லிட்டர் செலவாகும். 1,500 லிட்டர் கொள்ளும் பி-டைப் சிலிண்டர் எட்டு வலிக்கு வரும். தினம் இரண்டு என்றால் நான்கு நாளில் காலி. அந்த அறையில் பூஜை விளக்கு, கொசுவத்தி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. புகைத்துப் புகைத்து நுரையீரல் கெட்டவர்கள் இவ்வளவு ஆக்சிஜன் எடுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வலி இல்லாத நேரத்திலும் கண்ணோரம் லேசாகக் கனக்கிறது. இமையும் சற்றுத் தொங்கியே இருக்கிறது. மற்ற மாதங்களில் பீர் குடித்தால் ஒன்றும் ஆவதில்லை, இப்போது குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வலி வருகிறது. இதெல்லாம் புதிது.
— வாசகர், புதுச்சேரி

மது, கொத்து நடக்கும் நாட்களில் மட்டும் வலியைக் கிளப்பும். கொத்து முடிந்தால் ஒன்றும் செய்யாது. இப்போது நிறுத்திவிடுங்கள். வலிகளுக்கு இடையே லேசான கனம் பலருக்கும் உண்டு.

இமை விஷயம் அப்படியல்ல. பல கொத்துகளைக் கண்டவர்களுக்கு இமை இறக்கமும் அந்தக் கண்ணின் பாப்பா சிறுத்திருப்பதும் நிலைத்துவிடலாம். ஆனால் இப்போதுதான் முதன்முறையாக வந்திருக்கிறது, வலி விட்டும் போகவில்லை என்றால், கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கழுத்து வலி, பார்வை மங்கல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் நாளை என்று தள்ளாமல் இன்றே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.