புதிதாக வாங்கிய 1972 எம்ஜிபி: பராமரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

இங்கிலாந்தில் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கியிருக்கிறீர்கள். வண்டி ஓடுகிறது, ஆனால் பழைய சர்வீஸ் விவரம் எதுவும் கையில் இல்லை, முதலில் எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடமும் இங்கே அதே காலத்து எம்ஜிபி இருக்கிறது. எஞ்சின் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். வண்டி ஒழுங்காக நிற்கிறதா, திரும்புகிறதா என்று பாருங்கள்.

இங்கே விற்ற அந்த வருடத்து வண்டிகளில் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று ரப்பர் ஹோஸ்கள் இருக்கும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். பார்த்து முடிவு செய்யும் விஷயமில்லை இது, மூன்றையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலையும் முழுதாக வடித்துவிட்டு டாட் 4 ஊற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. இந்த மாதிரி வண்டிகள் அதிகம் ஓடுவதில்லை, அதனால் டயர் தேயாமலே ரப்பர் கெட்டுப்போகும். பத்து வருடம் தாண்டிய டயரில் நான் வேகமாகப் போக மாட்டேன். பெட்ரோல் ஹோஸும் அப்படித்தான். 2021-இலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது); அந்த எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, எத்தனால் குறைவான இ5 சூப்பர் பெட்ரோல் அடியுங்கள்.

அப்புறம் கிரீஸ். இன்றைய கார்களில் இந்த வேலையே இல்லாததால் பலருக்கு நினைவே வராது. நான் வாங்கிய புதிதில் வளைவில் திரும்பியபின் ஸ்டீயரிங் தானாக நேராகாது, கையால்தான் திருப்ப வேண்டும். டயரில் காற்று குறைவு என்று நினைத்துப் பல வாரம் ஓட்டினேன். கடைசியில் பார்த்தால் கிங்பின், அதாவது முன்சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கான அச்சு, காய்ந்து இறுகியிருந்தது. முன்பு சர்வீஸ் செய்தவர்கள் ஆயில் மட்டும் மாற்றியிருக்கிறார்கள், கிரீஸ் கன்னைத் தொடவே இல்லை. முன்சக்கரம் ஒவ்வொன்றின் பின்னாலும் கிரீஸ் அடிக்கும் மூன்று நிப்பிள் (சிறு முனை) இருக்கும். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்கும்போது அடியுங்கள். எடை ஏறியிருந்தால் கிரீஸ் சரியாக உள்ளே போகாது. பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கி, புதியது எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். 3,000 மைலுக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்கும் கிரீஸ் அடிக்க மறக்க வேண்டாம்.

வேலை தொடங்கும்முன் அங்குல ஸ்பேனர் செட் வாங்குங்கள். 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குல நட்டில் ஏறிவிடும், ஆனால் முனைகளை மழுக்கிவிடும். எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஆயில். கியர்பாக்ஸுக்கும் அதே எஞ்சின் ஆயில்தான், கியர் ஆயில் ஊற்றிவிடாதீர்கள். பின் ஆக்சிலுக்கு மட்டும் இபி90 கியர் ஆயில்.

40 வருடம் தாண்டிய வண்டி என்பதால் எம்ஓடி சோதனை (வண்டி சாலைக்குத் தகுதியா என்று வருடாவருடம் பார்ப்பது) கட்டாயமில்லை. ஆனாலும் நான் வருடாவருடம் கொண்டுபோகிறேன். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் உடம்பைத் தாங்குகிறது. அங்கே துரு பிடித்து, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. லிஃப்டில் ஏற்றி இன்னொருவர் தட்டிப் பார்ப்பது நல்லது.

இதெல்லாம் முடிந்ததும் எஞ்சினுக்கு வாருங்கள். வால்வ் இடைவெளி (எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.015 அங்குலம்), டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட் இடைவெளி, இக்னிஷன் டைமிங், இந்த வரிசையில் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் அதிலேயே ஐடிலிங் சீராகிவிடும். அதுவரை இரட்டை எஸ்யூ கார்புரேட்டரின் எந்தத் திருகையும் தொட வேண்டாம். கார்புரேட்டரின் மேலுள்ள டாஷ்பாட்டில் (ஆயில் நிற்கும் சிறு குழாய்) ஆயில் இருக்கிறதா என்று மட்டும் திறந்து பாருங்கள்.