பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எக்ஸாஸ்ட் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. நானே மாற்றலாமா? முழுவதும் மாற்ற வேண்டுமா, சைலன்சர் மட்டும் போதுமா?

மாற்றலாம், நான் மாற்றியிருக்கிறேன். ஒரே மதியத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். கார் மூன்று நாள் ஸ்டாண்டின் மேலேயே நின்றது. புதுக் குழாயைப் பூட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மற்ற நேரமெல்லாம் பழைய நட்டுகளோடு மல்லுக்கட்டியதில் போனது.

என்னுடையது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் அறிமுகமாகி 1997 வரை வந்த, முகப்பு விளக்கு எழும்பி மடங்கும் அந்த இரண்டு இருக்கை வண்டி. இதில் எக்ஸாஸ்ட் ஒரே குழாயாக இருக்காது. இஞ்சினோடு சேரும் மேனிஃபோல்டு, அதிலிருந்து இறங்கும் முன்குழாய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், நடுக்குழாய், சைலன்சர் என்று துண்டு துண்டாகப் போல்ட்டில் இணைந்திருக்கும். உங்கள் வண்டியும் அப்படி என்றால், கெட்டுப்போன துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

எது கெட்டது என்று பார்ப்பதற்கு முன், ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குழாய் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகவே வெளியே போய்விடும். சூடேறாவிட்டால் கடைசியில் இருக்கும் சைலன்சரில் போய்த் தேங்கும். புகையில் உள்ள அமிலமும் அதில் கலந்து, தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். நான் வண்டியை அதிகம் வெளியே எடுக்காமல், வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்திவிடுவேன். வண்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு! சைலன்சரை அழித்தது அந்தப் பராமரிப்புதான்.

ஆகவே வெளிப்பக்கத்துப் பழுப்பை நம்பாதீர்கள். இஞ்சின் ஆறிய பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கங்கே குத்திப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உளுத்தது பொத்துக்கொள்ளும். இணைப்புகளில் கரிக்கோடு தெரிந்தால் அந்த இடத்தில் புகை கசிகிறது. கூரையை மூடி ஓட்டும் வண்டியில் இதைத் தள்ளிப்போடாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கசிவு, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கு முன்னால் இருந்தால் இன்னொரு தொல்லை: வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று சென்சார் தவறாகச் சொல்லும். இஞ்சினும் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டும்.

முன்குழாய் திடமாக இருந்தால் அதன் பக்கமே போகாதீர்கள். மேனிஃபோல்டில் பதிந்திருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்று முறிந்தால் அதைத் துளைபோட்டு எடுப்பது தனி வேலை.

இனி கழற்றும் கதை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே நட்டுகளில் அடித்து ஊறவிடுங்கள், காலையில் இன்னொரு முறை. ஆறு பக்கமும் பிடிக்கும் சாக்கெட்தான் வேண்டும், பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையை மழித்துவிடும். முதலில் ஒரு இழை இறுக்குங்கள், அப்புறம் தளர்த்துங்கள். 'க்ரீச்' என்று ஒரு சத்தம் வந்தால் பிழைத்தீர்கள். ஒரேயடியாகப் பலம் கொடுத்ததில் எனக்கு இரண்டு போல்ட் முறிந்தன. மீதியைக் கிரைண்டரால் அறுத்தே எடுத்தேன். உண்மையில், எப்படியும் தூக்கிப்போடப் போகும் சைலன்சரின் போல்ட்டுகளை முதலிலேயே அறுத்திருக்கலாம். வீம்புதான் காரணம். தீயால் சூடுகாட்டுவது நல்ல வழிதான், ஆனால் டேங்கும் பெட்ரோல் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டு. என் வண்டியில் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னாலேயே இருந்ததால் பின்பக்கம் தீயை எடுக்கவே இல்லை, கிரைண்டர் பொறி பறக்காதபடியும் தகடு வைத்து மறைத்தேன். குழாயைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர்களைக் கழற்ற எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

வாங்கும்போது 'ஸ்டெயின்லெஸ்' என்ற ஒற்றைச் சொல்லில் மயங்க வேண்டாம். 409 ரகத்தில் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான், காந்தம் ஒட்டும், மேலே பழுப்புப் படரும். அதற்காக அது மோசமில்லை, பல கார்களில் கம்பெனியிலிருந்தே அதுதான் வருகிறது. பளபளப்பும் நிலைக்க வேண்டுமென்றால் 304 தேடுங்கள், குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 'ஸ்போர்ட்ஸ்' சைலன்சர் என்றால் ஒருமுறை யாருடைய வண்டியிலாவது உட்கார்ந்து நெடுந்தூரம் போய்விட்டு முடிவெடுங்கள். தெருமுனையில் கேட்கச் சுகமாக இருக்கும் உறுமல், ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் காதுக்குள் ரீங்கரித்தால் தலைவலிதான். நான் சத்தம் குறைந்ததையே வாங்கினேன். நண்பர்கள் இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.

பூட்டும்போது, இணைப்புகளுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட், நட்டு, போல்ட் எல்லாம் புதிது போடுங்கள். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, குழாயை நேராக்கி, பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். அடித்தகட்டுக்கும் குழாய்க்கும் இடைவெளி விடுங்கள். ஒரு மீட்டர் 304 குழாய் 400 டிகிரி சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும், ஒட்டி வைத்தால் ஓடும்போது தட்டும். நான் முதலில் அப்படித்தான் வைத்தேன், திரும்பவும் ஸ்டாண்டில் ஏற்றினேன்.

முதல் ஸ்டார்ட்டில் குழாயைச் சுற்றிப் புகை வரும், பயப்பட வேண்டாம். மேலே ஒட்டிய எண்ணெயும் கைரேகையும் எரிகின்றன. திறந்த வெளியில் செய்யுங்கள். நன்றாக ஒரு முறை ஓட்டி, முழுதாக ஆறவைத்து, நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள். எனக்கு நான்கு நட்டுகளில் மூன்று, ஆளுக்குக் கால் சுற்று இன்னும் இறுகின.