நெப்ராஸ்கா பின்தங்கிய மாநிலமா? விருதுநகர் அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் பேசும்போது பின்னால் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் பாதி விஷயம் என் காதில் விழவில்லை, மீதியை உங்களால் சொல்ல முடியவில்லை. அதான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உங்கள் மகளுக்கு நெப்ராஸ்காவில், ஓமஹா என்ற ஊரில், பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. படிப்புக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. இன்னொரு பக்கம் பாஸ்டனில் எம்எஸ் இடம். அதற்கு 55 லட்சம் கடன் வாங்க வேண்டும். பிள்ளை ஓமஹா போகிறேன் என்கிறது. உங்கள் மனசு பாஸ்டன் பக்கம் சாய்கிறது. இதற்கு நடுவில் உங்கள் தம்பி மகன் எதையோ இணையத்தில் தேடி, "பெரியப்பா, அந்த ஸ்டேட் அமெரிக்க அரசாங்கமே போட்ட பின்தங்கிய லிஸ்ட்ல இருக்கு" என்று வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை.

பட்டியல் உண்மைதான். தம்பி மகன் பொய் சொல்லவில்லை. ஆனால் பட்டியலின் தலைப்பைப் படித்தவன் அதற்குக் கீழே இருப்பதைப் படிக்கவில்லை.

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் பெரிய கை என்ஐஎச். நம் ஐசிஎம்ஆர் மாதிரி, ஆனால் பல மடங்கு பெரியது. 2024-இல் அதன் பட்ஜெட் ஏறத்தாழ 4,700 கோடி டாலர். இந்தப் பணம் மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை. பேராசிரியர்கள் திட்டம் எழுதிப் போட வேண்டும், துறை வல்லுநர்கள் படித்து மதிப்பெண் போடுவார்கள், மேலே வந்தவர்களுக்குப் பணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல திட்டம் எழுத முதலில் கொஞ்சம் சோதனை முடிவுகள் கையில் இருக்க வேண்டும், அதற்குக் கருவி வேண்டும், கருவிக்குப் பணம் வேண்டும். ஏற்கெனவே பணம் உள்ள கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், நியூயார்க் பக்கமே மறுபடியும் பணம் போகும். முதல் உள்ளவன் சீசனில் மொத்தமாக வாங்கி வைப்பதும், கைக்காசு இல்லாதவன் வேடிக்கை பார்ப்பதும் உங்கள் மிளகாய் வத்தல் மண்டியில் நீங்கள் தினமும் பார்ப்பதுதானே.

இதைச் சரிக்கட்ட 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு திட்டத்துக்கு வழி செய்தது. பெயர் ஐடியா. (பழைய சிம் கார்டு கம்பெனி இல்லை அண்ணாச்சி.) என்ஐஎச் நிதி காலங்காலமாகக் குறைவாகப் போய்ச் சேர்ந்த 23 மாநிலங்களும் புவேர்ட்டோ ரிக்கோவும் இதில் உண்டு. நெப்ராஸ்கா, கான்சாஸ், ஓக்லஹோமா, மொன்டானா, மெய்ன், வெர்மான்ட், லூசியானா என்று போகும் அந்தப் பட்டியல். தம்பி மகன் பார்த்தது இதைத்தான். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஆய்வகம் கட்டவும், இளம் பேராசிரியர்களைத் தூக்கிவிடவும் இந்த மாநிலங்களுக்குள்ளேயே போட்டி வைத்துத் தனியாகக் கொடுக்கும் பணம் இது. பட்டியலில் இருப்பது அவமானம் இல்லை, அந்தப் பணத்துக்கு மனுப் போடும் தகுதி.

2018-இல் நிதி ஆயோக், 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டிலிருந்து அதில் இருந்தவை இரண்டே மாவட்டங்கள். ஒன்று ராமநாதபுரம். இன்னொன்று விருதுநகர்! பிளஸ் டூ தேர்ச்சியில் வருஷக்கணக்காக முதலிடம் வாங்கிய அதே விருதுநகர். அந்தப் பட்டியல் வந்ததால் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் மார்க் குறைந்ததா, உங்கள் கடைச் சரக்கின் விலை இறங்கியதா?

இன்னொன்றும் சொல்கிறேன், தம்பி மகனிடம் காட்டுங்கள். ஐவி லீக் என்று எல்லோரும் வாயைப் பிளக்கும் எட்டுப் பல்கலைக்கழகங்களில் இரண்டு இந்தப் பட்டியல் மாநிலங்களில்தான் இருக்கின்றன. பிரவுன் பல்கலைக்கழகம் ரோட் ஐலண்டில். டார்ட்மத் நியூ ஹாம்ப்ஷயரில். ஓமஹாவுக்கு வந்தால், உங்கள் மூத்த பையன் பங்குச் சந்தை பார்ப்பவன், அவனைக் கேளுங்கள் வாரன் பஃபெட் எந்த ஊர் என்று. மருத்துவத்தில் அந்த ஊர் இன்னும் பெரியது. 2014-இல் எபோலா நோயாளிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது சிகிச்சை தந்த ஒரு சில இடங்களில் ஒன்று ஓமஹாவில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையம். 2020 பிப்ரவரியில் கொரோனா பரவிய டைமண்ட் பிரின்சஸ் கப்பலிலிருந்து வந்த பயணிகள் சிலரைத் தனிமைப்படுத்தி வைத்ததும் அங்கேதான். குளிர் மட்டும் கடுமை. ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி சாதாரணம். அதற்கு நல்ல கோட்டு ஒன்று போதும், 55 லட்சம் வேண்டாம்.

ஊர்ப் பேச்சு இத்தோடு போதும். நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அதை நீங்கள் கேட்கவே இல்லை.

அமெரிக்காவில் பிஎச்டி மாணவிக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் பல்கலைக்கழகம் அல்ல. உயிரியல் துறைகளில் முதல் வருஷம் துறை கொடுக்கும். அந்த வருஷத்தில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் மாற்றி மாற்றி வேலை பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பேராசிரியர் கையில் இருக்கும் நிதியிலிருந்துதான் சம்பளம். பிஎச்டி முடிய ஐந்து, ஆறு வருஷம் ஆகும். அந்த நிதி எத்தனை வருஷம் ஓடும்?

இதை நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பையனை வழிகாட்டி அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினேன். நல்ல பல்கலைக்கழகம், நல்ல பேராசிரியர், எல்லாம் சரி. மூன்றாவது வருஷம் ஆய்வகத்தின் நிதி தீர்ந்துவிட்டது. இளங்கலை மாணவர்களுக்கு லேப் வகுப்பு எடுத்து, விடைத்தாள் திருத்தித்தான் சம்பளம் வாங்கினான். சொந்த ஆராய்ச்சி இரவில். ஐந்து வருஷத்தில் முடிய வேண்டியது ஏழு வருஷம் இழுத்தது. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. அவன் அம்மா சொன்னார், சொன்னதில் தப்பில்லை.

அதனால் இப்போது யார் வந்தாலும் முதலில் ஒரு வேலை செய்கிறேன். என்ஐஎச் ரிப்போர்ட்டர் என்று ஒரு இணையதளம் இருக்கிறது. யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. பேராசிரியர் பெயரைப் போட்டால் அவருக்கு என்ன நிதி, எவ்வளவு, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்று எல்லாம் வரும். ஒவ்வொரு நிதிக்கும் ஒரு நீளமான எண் இருக்கும். லாரி ரசீதைப் பார்த்தவுடனே சரக்கு எங்கிருந்து வருகிறது, எத்தனை மூட்டை என்று நீங்கள் சொல்வது போல இதையும் படிக்கலாம். முதலில் ஒற்றை இலக்கம். 1 என்றால் புதிது, 2 என்றால் புதுப்பித்தது, 5 என்றால் நடப்பில் தொடர்வது. அடுத்து மூன்று எழுத்தில் நிதியின் வகை. ஆர்01 என்று இருந்தால் அந்தப் பேராசிரியர் தேசிய அளவில் போட்டி போட்டுச் சொந்தமாக வென்ற பணம், வழக்கமாக நாலைந்து வருஷம் ஓடும். பி20 என்றும், அதன் பின்னால் ஜிஎம் என்றும் இருந்தால் அநேகமாக நம் ஐடியா பணம். கடைசியில் ஒரு கோடு போட்டு இரண்டு இலக்கம் இருக்கும், அது எத்தனையாவது வருஷம் என்பது. 01 என்றால் இப்போதுதான் ஆரம்பம், 05 என்றால் பெரும்பாலும் இதுதான் அந்தச் சுற்றின் கடைசி வருஷம்.

உங்கள் மகள் விரும்பும் ஆய்வகம் ஐடியாவுக்குள் கோப்ரி என்ற வகையில் வருகிறது. 2000-இல் தொடங்கிய வகை இது. ஒரே துறையில் வேலை செய்யும் சில இளம் பேராசிரியர்களைச் சேர்த்து ஒரு மையம் அமைப்பார்கள். மூத்தவர் ஒருவர் தலைமை. இளையவர்களுக்கு ஆளுக்கொரு திட்டம், ஆளுக்கொரு வழிகாட்டி, எல்லோருக்கும் பொதுவாக விலை உயர்ந்த கருவிகள். ஐந்து ஐந்து வருஷமாக மூன்று கட்டம், மொத்தம் 15 வருஷம். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மறுபடி மனுப் போட்டு வெல்ல வேண்டும். மூன்றாவது கட்டத்தில் பணம் முக்கியமாகக் கருவி மையங்களைக் காப்பாற்றத்தான் போகும், அப்போது வகை எழுத்து பி30 என்று மாறிவிடும். இளம் பேராசிரியர் ஆர்01 மாதிரி ஒன்றை வென்றுவிட்டால் கோப்ரியிலிருந்து வெளியே போய்விட வேண்டும், அவர் இடத்துக்கு வேறொரு இளையவர் வருவார். பிள்ளையை ஆளாக்கித் தனிக்குடித்தனம் அனுப்பும் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மகளுக்கு லாபம் என்ன? பெரிய ஊர் ஆய்வகத்தில் ஒரு கருவிக்குப் பல ஆய்வகங்கள் முட்டி மோதும். இம்மாதிரி மையங்களில் நல்ல கருவி, குறைந்த கூட்டம். நான் அனுப்பிய பெண் ஒருத்தி, செல்களை எண்ணிப் பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் முதல் மாதமே தன் கையாலேயே சாம்பிள் போட்டாள். பெரிய ஊரில் படித்த அவள் தோழி அதற்காக நாள் குறித்துக் காத்திருந்தாளாம். அதோடு, பேராசிரியர் இளையவர் என்றால் ஆய்வகத்தில் அவரே நிற்பார்.

நஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். இளம் பேராசிரியருக்கே வேலை நிரந்தரமாகியிருக்காது. ஆறு வருஷத்தை ஒட்டி அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று பல்கலைக்கழகம் முடிவு செய்யும். உங்கள் மகள் நாலாவது வருஷத்தில் இருக்கும்போது அவர் மூட்டையைக் கட்டினால் இவளும் கூடவே ஊர் மாற வேண்டும், அல்லது ஆய்வகம் மாற வேண்டும். இன்னொன்று, என்ஐஎச்-இன் பயிற்சி உதவித்தொகைகளில் பெரும்பாலானவை குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டும்தான். மாணவர் விசாவில் போகிறவர்களுக்குக் கிடையாது. அதனால் நம் பிள்ளைகள் பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியைத்தான் நம்பி இருக்கிறார்கள். அது நின்றால் ஒதுங்க நிழல் குறைவு.

ஐடியாவுக்குள் இன்ப்ரி என்று இன்னொரு வகையும் இருக்கிறது. மாநிலத்துக்கு ஒன்று. பெரிய பல்கலைக்கழகத்தைச் சின்னச் சின்ன இளங்கலைக் கல்லூரிகளோடு இணைத்து அந்த மாணவர்களை ஆராய்ச்சிக்குள் இழுப்பது. பின்னாளில் கல்லூரியில் பாடம் சொல்லித்தர ஆசைப்பட்டால் அங்கே பழகிக்கொள்ளலாம். இப்போதைக்கு உங்களுக்கு இது வேண்டாம்.

"அரசாங்கம் மாறினால் இந்தப் பணம் நின்றுவிடாதா?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. 2025-இல் என்ஐஎச் நிறைய நிதிகளை நடுவிலேயே நிறுத்தியது, சில பல்கலைக்கழகங்கள் பிஎச்டி சேர்க்கையைக் குறைத்தன. பாஸ்டன் பக்கமும் அந்த அடி பலமாக விழுந்தது, பெரிய பெயர் யாரையும் காப்பாற்றவில்லை. ஐடியாவைப் பொறுத்தவரை ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். என்ஐஎச் மொத்த பட்ஜெட்டில் இதன் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. ஆனால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர், 23 மாநிலம் என்றால் நூறில் 46 பேர், அதிலும் இரண்டு கட்சிக்காரர்களும் உண்டு. தன் ஊருக்கு வரும் பணத்தை வெட்டச் சொல்லி எந்த அரசியல்வாதி கையெழுத்துப் போடுவார்? இது என் கணிப்புதான், உத்தரவாதம் இல்லை. விசா விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் 55 லட்சம் கடனோடு போவதை விடக் கடன் இல்லாமல் போகும் பிள்ளை தைரியமாகத் திரும்பியும் வரலாம் என்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. சேர்க்கைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், நிதி இருப்பைப் பொறுத்தும் படிப்பில் முன்னேற்றத்தைப் பொறுத்தும் உதவித்தொகை தொடரும் என்று ஒரு வரி இருக்கும். எல்லாக் கடிதத்திலும் இருப்பதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு மகள் அந்தப் பேராசிரியருக்கு ஒரு மெயில் போட வேண்டும். இரண்டாம் வருஷத்திலிருந்து என் சம்பளம் எந்த நிதியிலிருந்து வரும், கோப்ரி எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்போது முடிகிறது, ஆர்01-க்கு மனுப் போட்டிருக்கிறீர்களா, இடையில் பணம் தடைப்பட்டால் துறை கைகொடுக்குமா. இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று மகள் தயங்குகிறாளாம். அங்கே இது சாதாரணக் கேள்வி. கோபப்படுகிற பேராசிரியர் இருந்தால் அதுவே நமக்கு ஒரு பதில். மையத்தின் மூத்த பேராசிரியர் ஒருவரை இணை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். முதல் வழிகாட்டி ஊர் மாறினாலும் இவளுக்குப் பிடிமானம் இருக்கும். அங்கே படிக்கும் மாணவிகள் இரண்டு பேரிடம் வீடியோ காலில் பேசட்டும், முடிந்தால் ஒரு தமிழ்ப் பிள்ளையிடம். பேராசிரியர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

மெயிலை அவள்தான் எழுத வேண்டும். நீங்கள் எழுதாதீர்கள், தம்பி மகனும் எழுதக்கூடாது. போன வருஷம் ஒரு அப்பா, பேராசிரியருக்கு "ரெஸ்பெக்டட் சார், மை டாட்டர் இஸ் வெரி ஒபீடியன்ட்" என்று தன் கடை மெயிலிலிருந்தே அனுப்பி, அந்தப் பெண் ஒரு வாரம் அழுதாள்.

நிதியோடு வரும் இடங்களுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு, அங்கே பல பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொண்ட தேதி அது. பாஸ்டன்காரர்கள் அதற்கு முன்னால் முன்பணம் கட்டச் சொன்னால் அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். பேராசிரியரின் பதில் வந்ததும், அந்த நிதி எண்ணையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வாருங்கள். ஞாயிறு காலை என்றால் எனக்கும் தோது. வரும்போது கடையிலிருந்து ரெண்டு கிலோ சம்பா வத்தல் எடுத்துக்கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.