ஃபர்ஸ்ட் காப்பி வாட்சுக்கு சர்வீஸ் உண்டா? – கேள்வி பதில்

மகன் பேங்காக் போய் வந்தபோது வாங்கித் தந்த ஃபர்ஸ்ட் காப்பி ஆட்டோமேட்டிக் வாட்ச். மூன்று வருஷமாகக் கட்டுகிறேன். இப்போதெல்லாம் ராத்திரி கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடுகிறது. கம்பெனி ஷோரூமில் கையில்கூட வாங்கவில்லை. எங்கே கொடுப்பது? (தேவகோட்டை வாசகர்)

ஷோரூம்காரர் மேல் வருத்தப்பட வேண்டாம், ஐயா. தன் பெயரைத் திருடி ஒட்டிய பொருளை எந்தக் கம்பெனியும் சர்வீஸ் செய்யாது. அந்த வாசலை மறந்துவிடுங்கள்.

முதலில் உங்கள் வாட்சுக்குச் சர்வீஸ் தேவைதானா என்று பார்ப்போம். ஆட்டோமேட்டிக் என்பது கை அசைவில் சாவி ஏறும் வாட்ச். கடைக்கும் வீட்டுக்கும் அலைந்த காலத்தில் ஓடியது, இப்போது முகப்பு ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் கையில் நிற்கத்தான் செய்யும். இன்று இரவு கிரவுனை (பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகு) வெளியே இழுக்காமல், மேல்நோக்கி முப்பது நாற்பது சுற்று மெதுவாகத் திருகிவிட்டு மேஜையில் வையுங்கள். முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மெஷினில் பெரிய கோளாறு இல்லை. காலையில் பத்து சுற்று கொடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள், செலவு மிச்சம். முழுச் சாவி கொடுத்தும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் நின்றால், அல்லது திருகும்போது மணல் அரைபடுவதுபோல் கரகரத்தால், எண்ணெய் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, உள்ளே இருப்பது என்ன மெஷின்? டயலில் என்ன பெயர் இருந்தாலும் சரி, செலவைத் தீர்மானிப்பது இதுதான். விலை குறைந்த காப்பிகளில் பெரும்பாலும் ஜப்பானிய மியோட்டா 8200 வகையைப் பார்த்துச் செய்த சீன மெஷின் (டிஜி2813) இருக்கும். கிரவுனை வெளியே இழுத்துப் பாருங்கள். விநாடி முள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அநேகமாக இந்த ரகம். இதைப் பிரித்துக் கழுவி எண்ணெய் விடும் கூலியைவிடப் புது மெஷினே மலிவு. சர்வீஸ் வேண்டாம், மெஷினையே மாற்றச் சொல்லுங்கள். முள் நின்றால் பேக் கவரைத் திறந்து பார்க்க வேண்டும். சீக்கோவின் என்எச்35 இருந்தாலும் இதே கணக்குத்தான். அது நல்ல மெஷின், புதிதாகவே தாராளமாகக் கிடைக்கிறது.

சுவிஸ் ஈடிஏ 2824-ஐ நகலெடுத்த சீகல் எஸ்டி2130 போன்றவை இருந்தால் பேச்சே வேறு. விநாடிக்கு எட்டுத் துடிப்பு, மணிக்கு 28,800. இவற்றைப் பிரித்து சர்வீஸ் செய்வது தகும். பாகங்களும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

எங்கே என்றால், காரைக்குடியில் செல் மாற்றி ஸ்ட்ராப் போட்டுத் தரும் கடைகளுக்குக் குறைவில்லை. மெக்கானிக்கல் வாட்சைப் பிரிக்கிற கை அவற்றில் எல்லாவற்றிலும் இருக்காது. கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மெஷினை முழுசாகப் பிரிப்பாரா, இல்லை, அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவாரா? டைம்கிராஃபர் வைத்திருக்கிறாரா? கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருவாரா? முதல் கேள்விக்கே முகம் சுளித்தால் வாட்சை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். டைம்கிராஃபர் என்பது வாட்சின் துடிப்பைக் காதில் வாங்கித் திரையில் காட்டும் சின்னக் கருவி. முழுச் சாவியில், படுக்க வைத்த நிலையில், பேலன்ஸ் வீலின் (இப்படியும் அப்படியும் ஆடித் துடிப்பைத் தரும் சின்னச் சக்கரம்) வீச்சு 270 முதல் 300 டிகிரி வரை இருந்தால் நல்ல ஆரோக்கியம். 220-க்குக் கீழே போய்விட்டால் சர்வீஸுக்கு நேரமாகிவிட்டது. வேலை முடிந்து வாங்கும்போதும் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

உள்ளூரில் ஆள் அமையாவிட்டால் மதுரை, திருச்சி, சென்னை. கூரியரில் போடாதீர்கள். பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை போகிற சொந்தக்காரர் யாராவது வாரா வாரம் இருப்பாரே, அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். கல்யாண சீசனில் கடைக்காரர் கைவேலையை அவசரமாகத்தான் முடிப்பார். ஆடி மாதம் கொடுத்தால் நிதானமாகப் பார்ப்பார் என்பது என் கணக்கு.

வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. திடீரென்று தினம் பத்துப் பதினைந்து நிமிஷம் வேகமாக ஓடுகிறது. மெஷின் போய்விட்டதா? (கோட்டையூர் வாசகர்)

நிதானமாக ஓடியது திடீரென்று இப்படிப் பறந்தால் முதல் சந்தேகம் காந்தம். பேலன்ஸ் வீலோடு இருக்கும் ஹேர் ஸ்பிரிங் தலைமுடியைவிட மெல்லிய சுருள். காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீளம் குறைந்த மாதிரி ஆகி, துடிப்பு வேகமாகிவிடும். செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வாட்சை அதன் அருகே மெதுவாகக் கொண்டுபோங்கள். முள் ஒரேயடியாக ஆடினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் எடுக்கும் கருவி சில நூறு ரூபாய்தான், ரிப்பேர்க்காரரிடம் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. இதற்குப் போய் முழு சர்வீஸ் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இரவில் வாட்சை ஸ்பீக்கர் மேலோ, காந்த மூடி போட்ட டேப்லெட் உறை மேலோ வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

காந்தம் எடுத்த பிறகும் வேகமாகவே ஓடினால், வாட்ச் எங்காவது இடிபட்டு ஸ்பிரிங் கோணியிருக்கலாம், அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கலாம். காப்பி வாட்சுகளில் இரண்டாவது சகஜம். செய்கிற இடத்தில் ஒன்று எண்ணெயே விடமாட்டார்கள், இல்லை குளிப்பாட்டிவிடுவார்கள்.

டயலில் 300 மீட்டர் என்று போட்டிருக்கிறது. கட்டிக்கொண்டே ஊருணியில் குளிக்கலாமா? (பள்ளத்தூர் வாசகர்)

கூடாது. அந்த எழுத்து, எழுத்து மட்டும்தான். வாங்கியதும் வாஷர்களை மாற்றி, அழுத்தச் சோதனை செய்து வாங்கினால் மழைக்கும் கை கழுவுவதற்கும் பயமில்லை. கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் மட்டும் நாள் கடத்தாதீர்கள், அன்றே திறந்து உலர்த்த வேண்டும். ஒரு வாரம் விட்டால் துரு.

ஐயா கட்டியிருந்த எச்எம்டி ஜனதா நின்றுபோய்ப் பல வருஷமாக இரும்புப் பெட்டியில் கிடந்தது. ரிப்பேர்க்காரர், “ஆச்சி, மெஷினை மாற்றி டயலையும் புதுசு போட்டுத் தந்துவிடுகிறேன்” என்கிறார். சரியா? (கானாடுகாத்தான் வாசகி)

வேண்டாம், ஆச்சி. மேலே தேவகோட்டைக்காரருக்கு மெஷினை மாற்றச் சொன்னேன். உங்களுக்கு நேர் எதிராகச் சொல்கிறேன். எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூருவில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. அந்த வாட்ச் பிரிவை மூடும் முடிவு 2016-ல் வந்தது. ஜனதாவின் 17 கல் மெஷின் முரட்டுத்தனமானது. பல வருஷம் கிடந்து நின்றிருந்தால் பெரும்பாலும் எண்ணெய் பிசினாக இறுகியதுதான் காரணம். பிரித்துக் கழுவி, மெயின் ஸ்பிரிங் (சாவி கொடுக்கும்போது இறுகும் சுருள்) உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் மறுபடி ஓடும். அதுவரை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவி கொடுக்க வேண்டாம். காய்ந்த எண்ணெயில் ஓட விட்டால் பிவட் (சக்கர அச்சின் முனை) தேயும்.

டயலைத் தொடவே விடாதீர்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான ‘பழைய’ எச்எம்டிகளில் நிறைய இப்படிப் புது டயல் அடித்துச் சேர்த்துக் கட்டியவைதான். உங்கள் வீட்டு அசலை நீங்களே காசு கொடுத்து அந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டுமா? மஞ்சளேறிய டயல் அப்படியே இருக்கட்டும்.

மூன்று சின்ன டயல் வைத்த காப்பி வாட்ச். பட்டன் இறுகிவிட்டது. (குன்றக்குடி வாசகர்)

பட்டனை அழுத்தியபோது சின்ன டயலில் கிழமையோ தேதியோ மாறியதா? அப்படியானால் அது ஸ்டாப்வாட்சே அல்ல, அலங்காரம். அப்படியே கட்டிக்கொள்ளுங்கள். நிஜ ஸ்டாப்வாட்ச் என்றால் உள்ளே சுவிஸ் ஸ்டாப்வாட்ச் மெஷினான ஈடிஏ 7750-ன் நகல் இருக்கலாம். அதிலும் விநாடி முள்ளை ஆறு மணி இடத்துக்கு மாற்றியிருந்தால், அதற்காகக் கூடுதல் சக்கரங்களைச் செருகியிருப்பார்கள். உரசல் அதிகம், மாற்றுப் பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நல்ல ரிப்பேர்க்காரரே தயங்குவார். வலுவாக அழுத்தாதீர்கள், மணி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் செய்த காப்பி வாட்சை விற்கலாமா? (காரைக்குடி வாசகர்)

பிராண்ட் பெயரோடு கூடாது. போலி முத்திரைப் பொருளை விற்பது 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறியீடுகள் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். ‘காப்பிதான்’ என்று சொல்லி விற்றாலும் முத்திரை போலிதானே.

வளவில் மாட்டியிருக்கும் பெண்டுலம் கடிகாரம் சித்திரை வெயிலில் பின்தங்குகிறது. சர்வீஸா? (அரியக்குடி வாசகர்)

வெயிலில் தண்டு நீளும், அதனால் மெதுவாகும் என்பது உண்மைதான். ஆனால் இரும்புத் தண்டில் பத்து டிகிரி சூட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்து விநாடிதான் வித்தியாசம் வரும். அவ்வளவுதான் என்றால் குண்டுக்குக் கீழே இருக்கும் திருகைக் கொஞ்சமே கொஞ்சம் மேலே ஏற்றுங்கள், போதும். தினம் ஐந்து நிமிஷம் பின்தங்கினால் பழியை வெயில் மேல் போடாதீர்கள். சமீபத்தில் வெள்ளையடித்துத் திரும்ப மாட்டினீர்களா? காதை வைத்துக் கேளுங்கள். டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி ஒரே சீராக இல்லையென்றால் கடிகாரம் கோணலாகத் தொங்குகிறது. நேராக்கியும் சரியாகவில்லை என்றால் உள்ளே அழுக்கு. ஆள் வரும்வரை தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ மட்டும் விட்டுவிடாதீர்கள், அப்புறம் கழுவுகிற வேலை இரட்டிப்பாகும்.